பரீட்சை வாசலில் என் தங்கச்சி

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற பாதையில் ஒரு வெள்ளை வீடு இருக்கிறது. அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள். மூன்றும் பள்ளிக்கூடம் போகிற வயது. காலை ஏழே முக்காலுக்கு நான் அந்த வளைவால் திரும்பும்போது மூவரும் வேலியில் ஏறி நின்று எனக்குக் கை காட்டுவார்கள். பஸ்ஸில் மட்டும் ஏற மாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, என்னுடைய பட்டியலில் விடுபட்டுப்போன பிள்ளைகளாக்கும் என்று நினைத்து பஸ்ஸை நிறுத்திக் கதவையும் திறந்துவிட்டேன். சிரித்தார்கள். ஹோர்ன் அடித்தேன். அதற்கும் சிரித்தார்கள். பின்னால் இருந்த ஒரு பிள்ளை, "அவர்கள் வரமாட்டார்கள், அவர்களுக்கு வீட்டில்தான் பள்ளிக்கூடம்" என்று சொன்னது. ஆங்கிலச் சொற்கள் எல்லாம் விளங்கின. விஷயம் விளங்கவில்லை.

இது அவுஸ்திரேலியாவில், விக்ரோறியா மாநிலத்தின் உட்புறத்தில், மனிதர்களை விட மாடுகள் கூடுதலாக உள்ள ஒரு சின்ன ஊர். இங்கே நான் ஒருவன்தான் தமிழன். எங்கள் வன்னிப் பக்கத்தில் பள்ளிக்கூட நாளில் ஒரு பிள்ளை வீட்டில் நின்றால் காய்ச்சலாக இருக்கும், இல்லாவிட்டால் செத்தவீடாக இருக்கும். மூன்று பிள்ளைகள் ஒரேயடியாக நிற்பதென்றால் பெரிய நோய் வருத்தமாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவு கட்டினேன். அடுத்த சனிக்கிழமை, ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகிறவனைப் போல ஒரு பை தோடம்பழமும் ஒரு பெட்டி பிஸ்கற்றும் வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். தாய் வந்தார். பெயர் ரேச்சல். பிள்ளைகளுக்கு இப்போது எப்படி என்று கேட்டேன். நன்றாக இருக்கிறார்கள் என்றார். டொக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். எந்த டொக்டர் என்றார். இப்படியே இரண்டு மூன்று சுற்றுப் போனபிறகு அவருக்கு விஷயம் பிடிபட்டது. படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தார். பிறகு தோடம்பழப் பையை வாங்கிக்கொண்டு என்னை உள்ளே கூப்பிட்டார்.

குசினி மேசைதான் வகுப்பறை. சுவரில் உலகப்படம். ஆளுக்கொரு தடித்த கோப்பு. அவர்கள் ஒரு சிறிய கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். கடவுளைப் பற்றிய படிப்பும் கணக்கும் ஒரே வாயால் பிள்ளைகளுக்குப் போகவேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். அரசாங்கத்துக்கு ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்துப் பதிந்தால் போதும், ஒருவரும் தொல்லை தர மாட்டார்கள் என்று ரேச்சல் சொன்னார். நடுவிலான், வீட்டுக் கோழிகள் கிழமைக்கு எத்தனை முட்டை போடும் என்று வரைபடம் கீறிக்கொண்டிருந்தான். மூத்தவளுக்கு மிருக வைத்தியம் படிக்க ஆசையாம். ஆசை என்றுதான் ரேச்சல் சொன்னார். அதை நான் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அடுத்த நாள் அதை நான்தான் மாற்றிச் சொன்னேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறுகளில் நான் பூவரசங்குளத்தில் இருக்கும் என் தங்கச்சி வதனியோடு கதைப்பது வழக்கம். எனக்கு இரண்டு வயது இளையவள். அவளுடைய கணவன் ஜெயம் குளத்துக்குக் கீழே மூன்று ஏக்கர் வயல் செய்கிறான். வளவுக்குள் தகரக் கொட்டகை போட்டு ஒரு சிறிய சபையும் நடத்துகிறான். இருபது, இருபத்தைந்து பேர் வருவார்கள். அவர்களுக்கு எஸ்தர், சாமுவேல், ரூத் என்று மூன்று பிள்ளைகள். நான் தோடம்பழக் கதையை அவளைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அரசாங்கம் ஒண்டும் சொல்லாதோ அண்ணா?"

"ஒரு படிவம் நிரப்பினாச் சரியாம்."

"ஒருத்தரும் வீட்டுக்கு வந்து பிள்ளையளைக் கேக்கமாட்டினமோ?"

"கேக்கமாட்டினம்."

"பிறகு அதுகள் படிச்சு ஆளாகுங்களோ?"

வெளிநாட்டிலிருந்து ஊருக்குக் கதை சொல்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேருக்கும் அது இருக்கும், கோபிக்காதீர்கள். இருப்பதை இருப்பதுபோலச் சொல்ல வாய் விடாது. கொஞ்சம் உப்புப்புளி சேர்த்தால்தான் கதை கதையாக இருக்கும். நான் சொன்னேன்: "ஏன் ஆகாது? மூத்தது யூனிவேர்சிற்றிக்கு எடுபட்டிட்டுது. டொக்டருக்குப் படிக்கப்போகுது." அப்போது அந்தப் பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. வதனி அதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு வயலைப் பற்றிக் கதைத்தாள்.

எட்டு மாதம் கழித்து நவராத்திரி வந்தது. எங்கள் பள்ளிக்கூடங்களில் அந்த நாட்களில் பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகம் கொண்டுவந்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்குவார்கள். விஜயதசமியில் பூசை முடிந்தபிறகுதான் எடுப்பார்கள். எஸ்தர் அப்போது தரம் பத்து. எல்லாரும் கொடுக்கும்போது தான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க அவளுக்குக் கூச்சம். தன் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டாள். சாமுவேல் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டான். ஜெயம் நல்ல மனிதன், குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் விசுவாசம் என்று வந்தால் அவனுக்குக் கண்மண் தெரியாது. நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய், பூசை நடக்கும்போதே குனிந்து அந்தப் புத்தகத்தை அடுக்கிலிருந்து உருவியிருக்கிறான். அடுக்கு சரிந்து கும்பத்தில் விழுந்து, தண்ணீர் புத்தகங்களில் கொட்டி, சனம் கொதித்துப் போய்விட்டது. மன்னிப்புக் கேள் என்றார்களாம். கேட்க மாட்டேன் என்றானாம். அடுத்த திங்கட்கிழமை மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கடுத்த திங்களும் போகவில்லை.

"அண்ணா, உங்கட வெள்ளைக்காரி மாதிரி நாங்களும் பிள்ளையளை வீட்டில வச்சுப் படிப்பிக்கப் போறம்" என்று வதனி போன் எடுத்துச் சொன்னாள். நான் கத்தினேன். அங்கே சட்டம் வேறு, இங்கே சட்டம் வேறு, அவளுக்கு மேசை நிறையப் புத்தகம் இருக்கிறது, உனக்கு என்ன இருக்கிறது என்றெல்லாம் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெள்ளைக்காரி செய்தா அதிசயம், நாங்கள் செய்தாப் பைத்தியமோ?" என்றாள்.  

மற்ற நாள் எஸ்தர் குரல் செய்தி ஒன்று அனுப்பியிருந்தாள். மெல்லிய குரல். குசினிக்குள் இருந்து பேசியிருக்க வேண்டும், பின்னால் சட்டி பானைச் சத்தம். "மாமா, நீங்கள் சொன்ன அந்தப் பிள்ளை உண்மையாவே டொக்டருக்குப் படிக்குதோ? அம்மா வாற ஆக்கள் எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுறா. ஓ.எல் சோதினை எழுதாமலும் போகலாமோ மாமா? எனக்கு எழுத வேணும்." நான் அந்தச் செய்தியைப் பஸ் நிறுத்துமிடத்தில் நின்று நாலைந்து தரம் கேட்டேன். உண்மையைச் சொன்னால் தாய்க்கு முன்னால் என் மானம் போகும், சொல்லாவிட்டால் பிள்ளையின் பரீட்சை போகும். கடைசியில், "நான் நேர வந்து கதைக்கிறன் பிள்ளை" என்று மட்டும் அனுப்பினேன்.

நேரே போவது என்பது எனக்கு அவ்வளவு லேசான காரியமாக இருந்ததில்லை. படகில் வந்தவன் நான். பத்து வருடத்துக்கு மேல் தற்காலிக விசாவில் இருந்தேன். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வரமுடியாத விசா. அப்பா செத்தபோதும் அம்மா செத்தபோதும் போனில்தான் பார்த்தேன். நிரந்தர வதிவிடம் கிடைத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அடுத்த புரட்டாதி விடுமுறையோடு ஒரு கிழமை கூடக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அதற்குள் பிள்ளைகள் வீட்டில் நின்று ஒரு வருடமாகிவிட்டிருந்தது. எஸ்தர் தரம் பதினொன்றோடு வரும் அரசாங்கப் பரீட்சையான ஓ.எல் எழுதவேண்டிய முறை வந்திருந்தது. விண்ணப்ப முடிவுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

வதனியின் பள்ளிக்கூடத்தை நான் கேலியாகத்தான் பார்க்கப் போனேன். அதிகாலையில் கொட்டகையில் ஜெபம். கைதட்டிப் பாடுவார்கள். பிறகு தோசை. எட்டு மணிக்கு அதே கொட்டகையில் பிளாஸ்ரிக் கதிரைகளைத் திருப்பிப் போட்டால் வகுப்பு. ஒரு கரும்பலகை. வதனி சேலை உடுத்து, கொண்டை போட்டு, கையில் வெண்கட்டியோடு வந்தாள். நான் பின்கதிரையில் இருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவள் என்னுடைய ஆசிரியர்களில் பலரை விட நன்றாகப் படிப்பித்தாள். ரூத்துக்குப் பின்னத்தைத் தோசையைப் பிய்த்து விளங்கப்படுத்தினாள். சாமுவேலைச் சிரிக்க வைத்துக்கொண்டே வாய்ப்பாடு கேட்டாள். எஸ்தரிடம் வந்தபோதுதான் குரல் இறங்கியது. கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருவரும் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வட்டத் தேற்றங்கள். "இதுக்கு மேல எனக்குத் தெரியாது பிள்ளை. நீ போனில பாத்துப் படிச்சிட்டு எனக்குச் சொல்லித் தா" என்றாள் வதனி.

அவள் படிப்பு நின்ற இடம் அதுதான். எனக்கு அது தெரியும். நாங்கள் பளையிலிருந்து இடம்பெயர்ந்து கிளிநொச்சிக்கு அப்பால் இருந்த காலத்தில், வன்னியை விட்டு வெளியேற ஒரு பிள்ளைக்குத்தான் அனுமதிப் பாஸ் கிடைத்தது. மூத்தவன், ஆண்பிள்ளை என்று என்னை அனுப்பினார்கள். நான் நெளுக்குளத்தில் பெரியம்மா வீட்டில் நின்று, குடை பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். வன்னியிலேயே நின்ற வதனிக்குப் பதினாறு வயது, ஓ.எல் வருடம். இயக்கம் போருக்கு ஆள் பிடித்த காலம் அது. ரியூசன் வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் பிக்கப் வாகனம் வந்து நிற்கும், இறங்குவார்கள், பிள்ளைகளை ஏற்றுவார்கள். அப்பா மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் கிடங்கு வெட்டி, மேலே பலகையும் வைக்கோலும் போட்டு, பகல் முழுவதும் அவளை அதற்குள் வைத்திருந்தார். பதினொரு மாதம். கையில் ஒரே ஒரு கணக்குப் புத்தகம். வகுப்பில் அவளோடு ஒரே வாங்கில் இருந்த கௌரி பரீட்சை எழுதவேண்டும் என்று பிடிவாதமாகப் போய்வந்தாள். ஒரு நாள் திரும்பி வரவில்லை. பிறகும் வரவில்லை.

போர் முடிந்து செட்டிக்குளத்து முகாமில் இருந்தபோது, பக்கத்துக் கூடாரத்தில் இருந்த ஒரு பெண் வதனியின் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினாவாம். அன்றைக்குத்தான் இரண்டு வருடத்துக்குப் பிறகு கிடங்கைக் கனவில் காணாமல் நித்திரை கொண்டதாக வதனி சொல்வாள். அந்தப் பெண்ணின் மகன்தான் ஜெயம். நான் கோயிலுக்கு வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் அன்னதானத்துக்குப் போகிறவன். அவளுக்கு நித்திரையைக் கொடுத்த கடவுளைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன்.

ஜெயத்தைத்தான் மசிய வைக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். மூன்றாம் நாள் வாய்க்காலில் தண்ணீர் திருப்பிவிட்டு வரம்பில் இருந்தபோது கதையைத் தொடங்கினேன். புத்தகத்தை உருவியது பிழை என்று முதலில் சண்டைக்கு இழுத்தேன். அவன் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னான்.

"ஓம் மச்சான், பிழைதான். போன மாசம் பள்ளிக்கூட அதிபரிட்டப் போய்ச் சொல்லிப்போட்டன். கும்பம் சரிஞ்சது எனக்கே ஒரு மாதிரித்தான் இருந்தது. அவா பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு சொன்னவா."

"பிறகென்ன?"

"வதனிதான் விடுறாயில்லை. நான் வெறும் சாட்டு மச்சான். விசுவாசத்துக்காகத்தான் நிப்பாட்டினது எண்டு நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறன். அவா விடியத் தொடங்கி மூண்டையும் எண்ணிக்கொண்டுதான் இருப்பா."

 நான் அதிபரிடமும் போனேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா. "தம்பி, நான் அவையைப் போகச் சொல்லேல்ல. எஸ்தர் என்ர கெட்டிக்காரப் பிள்ளை. இனிப் பாடசாலையால விண்ணப்பிக்கிறது கஷ்டம், பள்ளிக்கூடம் வந்த நாள் காணாது. தனிப்பட்ட பரீட்சார்த்தியா எழுதலாம். தாய் தேப்பன் மனம் வைக்க வேணும்" என்றா. அடையாள அட்டைக்கும் விண்ணப்பத்துக்கும் என்னென்ன வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதியும் தந்தா. அந்தத் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அன்று பின்னேரம் வதனி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். நான் முதலில் என் பொய்யைச் சொன்னேன்.

"அந்த வெள்ளைப் பிள்ளை டொக்டருக்குப் படிக்கேல்ல வதனி. ஒண்டுக்கும் எடுபடேல்ல. நான் சும்மா சொன்னனான்."

அவள் நிமிரவில்லை. "எனக்குத் தெரியும் அண்ணா. சின்னனிலயும் நீங்கள் இப்பிடித்தானே, நண்டைப் பிடிச்சிட்டு முதலை எண்டு சொல்லுவியள். எனக்கு அந்தப் பொய் தேவையாயிருந்தது."

"எஸ்தருக்கு எழுத விருப்பம்."

"தெரியும்."

"இப்ப ஒருத்தரும் ஒருத்தரையும் பிடிக்கிறேல்ல. பதினேழு வருசமாப் போச்சு."

இப்போது நிமிர்ந்தாள். முகத்தில் சவர்க்கார நுரை. "அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் அப்பவும் இங்க இல்லை, இப்பவும் இங்க இல்லை. அப்பா என்னைப் பள்ளிக்கூடம் விட்டிருந்தா நான் இல்லை அண்ணா. எஸ்தரும் இல்லை. கௌரி என்னை விட நல்லாப் படிச்சவள். நான் படிக்கேல்ல, உயிரோட இருக்கிறன். காலமை பள்ளிக்கூட மணி கேக்கேக்க நான் அடுப்படியை விட்டிட்டு ஓடிவருவன். மூண்டும் வீட்டுக்குள்ள நிக்குதுகள் எண்டு பாத்தாப் பிறகுதான் எனக்குத் தேத்தண்ணி இறங்கும். கடவுளுக்காகத்தான் வச்சிருக்கிறன் எண்டு சொன்னா ஆக்களுக்கு விளங்கும். இதை ஆருக்குச் சொல்லுறது?"

நான் அழுதேன். குடை பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் என்று என்னை நானே திட்டினேன். அது ஒரு நியாயமும் அல்ல என்று எனக்குத் தெரியும், ஆனால் அழுகை வந்தது. வதனி தோய்த்த உடுப்புகளைக் கொடியில் போட்டு முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள்.  எஸ்தர் கொட்டகைக்குள் ரூத்துக்குச் சொல்வதெழுதுதல் வைத்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு வதனி சொன்னாள்: "பள்ளிக்கூடம் விடமாட்டன். பரீட்சைக்கு மட்டும் விடுறன். நான்தான் கூட்டிக்கொண்டு போவன். முடியுமட்டும் வாசலில நிப்பன். நீங்கள் போனில என்னோட நிக்க வேணும்." நான் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். அடுத்த நாளே மூவருமாகப் போய் அடையாள அட்டைக்குப் படம் எடுத்தோம். எஸ்தர் சிரித்துவிட்டாள் என்று படக்காரர் இரண்டாம் தரம் எடுத்தார்.

திரும்பி வந்தபிறகு அந்தச் சில மாதங்கள் எனக்கு நல்ல மாதங்கள். ஒவ்வொரு நாளும் எஸ்தர் தான் செய்த கணக்கைப் படம் எடுத்து அனுப்புவாள். வட்டத் தேற்றத்தை வதனிக்குப் படிப்பித்துவிட்டாள். "அம்மா இண்டைக்கு எனக்கு முந்தி விடை எடுத்திட்டா" என்று ஒரு நாள் அனுப்பியிருந்தாள். அனுமதி அட்டை தபாலில் வந்தபோது மூன்று பிள்ளைகளும் அதைச் சுற்றி நின்று படம் எடுத்து அனுப்பினார்கள். வதனி படத்தில் இல்லை, அவள்தான் எடுத்தது. ரேச்சலைக் கண்டபோது மருமகள் பரீட்சை எழுதப்போகிறாள் என்று பஸ்ஸை நிறுத்திச் சொன்னேன். "அப்படியானால் வீட்டுக் கல்வி பலித்துவிட்டது" என்று சந்தோஷப்பட்டார். நானும் ஓம் என்று தலையாட்டினேன். என்னத்தைச் சொல்லி விளங்கப்படுத்துவது?

முதல் நாள் பரீட்சை சமயப் பாடம், கிறிஸ்தவம். எஸ்தருக்கு அது தண்ணீர்பட்ட பாடு. அங்கே காலை எட்டரை என்றால் இங்கே பிற்பகல் இரண்டு மணி. நான் பள்ளிக்கூடத்து வளைவில் பஸ்ஸை நிறுத்தி, சாரதி இருக்கையில் இருந்தபடி போனைக் காதில் வைத்துக்கொண்டேன். பரீட்சை நிலையம் நெளுக்குளம் பக்கத்துப் பெரிய பள்ளிக்கூடம். வதனி வாசலுக்கு எதிரே ஒரு மரத்துக்குக் கீழ் நின்றாள்.

"உள்ள போட்டாள். திரும்பிப் பாக்கவேயில்லை."

"அது நல்லம்தானே."

"ஓம். நல்லம்தான். கதையுங்கோ அண்ணா, பேசாமல் இருக்காதேங்கோ."

நான் கதைத்தேன். மாடுகளைப் பற்றிக் கதைத்தேன், பஸ்ஸில் சத்தி எடுத்த பிள்ளையைப் பற்றிக் கதைத்தேன், சின்ன வயதில் நான் முதலை என்று சொன்ன நண்டுகளைப் பற்றிக் கதைத்தேன். அவள் இரண்டு தரம் சிரித்தாள். இடையிடையே ஜெபம் பண்ணினாள், முடிய நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். மூன்று மணியாயிற்று. பஸ் ஓடும்போது போனைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை, நிறுத்திப் பெட்டிக்குள் வைக்கவேண்டும். அதை நான் முதலே அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சத்தியம் பண்ணுகிற அவசரத்தில் சொல்லவில்லை. பரீட்சை முழுவதும் நிற்கிறேன் என்று சொன்னவன் கணக்குப் பார்க்கவில்லை. மணி அடித்தது. பிள்ளைகள் பைகளை இழுத்துக்கொண்டு ஓடிவந்து வரிசையில் நின்றார்கள்.

"வதனி, நான் இப்ப வைக்க வேணும். ஒண்டரை மணித்தியாலம்தான். முடிச்சவுடன எடுக்கிறன்."

மறுபக்கத்தில் ஒரு மோட்டார்சைக்கிள் போகிற சத்தம் கேட்டது. பிறகு அவள், "சரி அண்ணா, வையுங்கோ. பிள்ளையள் பாத்துக்கொண்டு நிக்குங்கள்" என்றாள். நான் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு பஸ் தரிப்பிடத்துக்கு வந்து போனைப் போட்டபோது வதனியிடமிருந்து பதினொரு அழைப்புகள் வந்திருந்தன. நான் திருப்பி எடுத்தேன், அவள் எடுக்கவில்லை. எஸ்தரின் குரல் செய்தி ஒன்று இருந்தது.

"மாமா, அம்மாவோட கோவிக்காதேங்கோ. ரெண்டாம் பத்திரம் பாதி எழுதீற்றன். வாசலில ஒரு பிக்கப் வந்து நிண்டதாம். கரண்ட் வயர் பாக்க வந்த ஆக்கள். நாலைஞ்சு பேர் இறங்கினவையாம். அம்மா உங்களுக்கு அடிச்சுக்கொண்டே இருந்திருக்கிறா. பிறகு கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ள வந்து என்ர பேரைச் சொல்லிக் கத்தினவா. மண்டபத்தில எல்லாரும் என்னைப் பாத்தவை. இருந்து எழுதும் பிள்ளை எண்டு மிஸ் சொன்னவா. எனக்கு இருக்க ஏலேல்ல மாமா. அம்மா அப்பிடிக் கத்தி நான் ஒருநாளும் கேக்கேல்ல. எழும்பி வந்திட்டன். வெளிய வந்தா என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிலத்தில இருந்திட்டா. அந்தக் கரண்டு வேலை ஆக்கள்தான் தண்ணி தந்தவை. இனி மற்றப் பாடங்களுக்குப் போகேலாது எண்டு நினைக்கிறன். நான் கேக்கப் போறதுமில்லை. நீங்களும் கேக்காதேங்கோ. நாங்கள் இப்ப வீட்டை வந்திட்டம், அம்மா படுத்திருக்கிறா. எனக்கு ஒண்டுமில்லை."

பின்னேர வெயில் பஸ்ஸின் ஒரு பக்கக் கண்ணாடிகள் எல்லாவற்றிலும் அடித்துக்கொண்டிருந்தது. வேலையை முடிப்பதற்கு முன்னால் சாரதி செய்யவேண்டிய ஒரு கடமை இங்கே உண்டு. முன்னிருந்து பின் வரைக்கும் நடந்து, ஒவ்வொரு இருக்கையிலும் நித்திரையாகிப்போன பிள்ளை யாராவது கிடக்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டும். நான் எழுந்து நடந்தேன். ஒரு தொப்பி கிடந்தது. பாதி கடித்த அப்பிள் ஒன்று கிடந்தது. கடைசி இருக்கையில் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு முன்னுக்கு வந்து அன்றைய கடமைத் தாளை எடுத்து, எல்லாப் பிள்ளைகளையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாயிற்று, ஒருவரும் விடுபடவில்லை என்று எழுதியிருந்த இடத்தில் என் பெயரைத் தமிழில் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.